குறைய அளந்து நிறையக் காணல்

முன்னுரை

உடலைக் கீறாமல் உடலின் உள்ளே காணுதல் என்பது அறிவியல் மனித குலத்திற்கு வழங்கிய பெருங்கொடைகளுள் ஒன்று. 1895ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தார். இன்றோ சி.டி. ஸ்கேன், எம்.ஆர்.ஐ. ஸ்கேன் என்னும் சொற்கள் கற்றார் கல்லார் அனைவர் நாவிலும் பயில்கின்றன. சித்தையன்கோட்டை போன்ற ஊர்களில், செம்பட்டி வழியாகத் திண்டுக்கல்லுக்கோ மதுரைக்கோ நோயாளியை அழைத்துச் சென்று ஸ்கேன் எடுத்து வராத குடும்பம் அரிது எனலாம்.

அவ்வாறு சென்று வந்தோர் ஒரு கட்டளையைக் கேட்டிருப்பர்: ‘அசையாதீர்கள், மூச்சை அடக்குங்கள்.’ இளைஞர்க்கு இஃது எளிது. நெஞ்சு நோயால் மூச்சு வாங்கும் முதியவர்க்கும் அழும் குழந்தைக்கும் இஃது இயலாத செயல். யாருக்குப் படம் மிகத் தேவையோ, அவராலேயே அக்கட்டளையை நிறைவேற்ற முடிவதில்லை.

இம்முரண்பாட்டை நீக்க அறிஞர்கள் மேற்கொண்ட வழி கருவியைத் திருத்துவது மட்டுமன்று, கணக்கைத் திருத்துவதுமாகும். கருவி தருவன எண்களே. அவ்வெண்களிலிருந்து உருவத்தைக் கட்டியெழுப்பும் கணக்கினை ‘உருவ மீளாக்கம்’ என இக்கட்டுரையில் குறிப்போம். அதன் வரலாற்றையும், இயங்கும் உறுப்புகளை விரைந்து படமெடுக்க அது துணைபுரியும் திறத்தையும், அதன்கண் உள்ள ஓர் ஆபத்தையும் எடுத்துரைப்பதே நம் நோக்கமாகும். தமிழ்த்துறை மலரில் இதற்கென்ன இடம் என வினவுவார்க்கு விடை கட்டுரையினுள்ளேயே கிடைக்கும்.

நிழலிலிருந்து உருவம்

சாதாரண எக்ஸ் கதிர்ப் படம் ஒரு நிழலே. முன்னுள்ள எலும்பும் பின்னுள்ள எலும்பும் அதில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்துவிடும். ஆயினும் ஒரே பொருளின் நிழலைப் பல திசைகளிலிருந்து எடுத்தால், அந்நிழல்கள் அனைத்தையும் கொண்டு உள்ளுருவத்தைக் கண்டுவிடலாம். இஃது இயலும் என்பதை ஆஸ்திரிய நாட்டுக் கணித அறிஞர் ரேடன் 1917ஆம் ஆண்டிலேயே நிறுவினார்.

இதனை ஓர் எளிய விளையாட்டால் விளக்குவோம். நான்கு கட்டங்கள் உள்ளன. மேல்வரிசையில் 3, 4. கீழ்வரிசையில் 5, 6. எண்களை மறைத்துவிட்டுக் கூட்டுத்தொகைகளை மட்டும் சொல்வோம். மேல்வரிசை 7, கீழ்வரிசை 11. இடப்பத்தி 8, வலப்பத்தி 10. மறைந்த எண்கள் யாவை? 3, 4, 5, 6 என விடை கூறலாம். ஆனால் மேலே 2, 5 என்றும் கீழே 6, 5 என்றும் வைத்தாலும் கூட்டுத்தொகைகள் பொருந்துகின்றன. இரண்டில் எது மெய்? மூலைவிட்டக் கூட்டுத்தொகை 9 என்று இன்னும் ஒரு செய்தி கிடைத்தால் ஐயம் நீங்கும். 3உம் 6உம் சேர்ந்தால் 9, 2உம் 5உம் சேர்ந்தால் 7. ஆதலின் முதல் விடையே மெய்.

ஒரு கூட்டுத்தொகை என்பது ஒரு திசையில் விழுந்த நிழல். கட்டங்கள் என்பன உடலின் சிறு சிறு பகுதிகள். சி.டி. ஸ்கேன் செய்வது இவ்விளையாட்டையே. கட்டங்கள் நான்கிற்கு மாறாகப் பல்லாயிரம் என்பதே வேறுபாடு. அளவீடு குறைந்தால் ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் பொருந்திவிடும் என்பதை இங்கேயே மனத்திற் கொள்ளுதல் வேண்டும். கட்டுரையின் பிற்பகுதி முழுவதும் இதனைச் சுற்றியே அமையும்.

ஜப்ர் என்னும் சொல்

மறைந்த எண்ணைத் தெரிந்த எண்களால் காணும் கலைக்கு இயற்கணிதம் என்று பெயர். ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாத் நகரில் வாழ்ந்த அல்குவாரிஸ்மீ இக்கலையை ஒரு தனித்துறையாக வகுத்து நூல் செய்தார். அந்நூற்பெயரில் அமைந்த ‘அல்ஜப்ர்’ என்னும் அரபுச் சொல்லே பின்னர் ‘அல்ஜீப்ரா’ ஆயிற்று. கணக்கிடும் வழிமுறையைக் குறிக்கும் ‘அல்காரிதம்’ என்னும் சொல்லோ அவருடைய பெயரின் திரிபாகும்.

ஜப்ர் என்பதற்கு உடைந்ததை ஒன்றுசேர்த்தல், முறிந்த எலும்பைப் பொருத்திக் கட்டுதல் என்னும் பொருள்கள் உண்டு. ஸ்பெயின் நாட்டில் முற்காலத்தில் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுவோரை ‘அல்ஜெப்ரிஸ்தா’ என்றே அழைத்தனர். நம் பக்கத்தில் புத்தூர்க் கட்டுப் போடும் வைத்தியர் செய்யும் பணி அது. மருத்துவச் சொல் கணிதத்திற்குச் சென்று, ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் மருத்துவமனைக்கே வந்து சேர்ந்தது. 1970ஆம் ஆண்டில் கார்டன், பெண்டர், ஹெர்மன் ஆகிய மூவர் நிழல்களிலிருந்து உருவம் காணும் ஒரு வழியை வெளியிட்டபோது, அதற்கு ‘இயற்கணித மீளாக்க முறை’ என்றே பெயரிட்டனர். முதலில் ஓர் உருவத்தை ஊகித்து, அதன் நிழலை அளந்த நிழலோடு ஒப்பிட்டு, வேறுபாட்டுக்கு ஏற்பத் திருத்தி, மீண்டும் மீண்டும் அவ்வாறே செய்து விடை காண்பது அம்முறை.

இங்கிலாந்தில் ஹவுன்ஸ்ஃபீல்டு என்னும் பொறியியலாளர் சி.டி. கருவியை உருவாக்கினார். அவருடைய ஆய்வகத்தின் முதற்கருவி ஒரு பொருளை அளந்து முடிக்க ஒன்பது நாள்கள் பிடித்தன. கிடைத்த ஏறத்தாழ 28,000 அளவீடுகளிலிருந்து உருவத்தைக் கணிக்க அக்காலப் பெருங்கணிப்பொறிக்கு இரண்டரை மணி நேரம் ஆயிற்று. பின்னர்க் கருவி திருந்தியது. 1971ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாளன்று லண்டன் மருத்துவமனை ஒன்றில் முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளை படமெடுக்கப்பட்டது. அளவீட்டில் வேகம் வந்தது. கணக்கிலும் வேகம் வர வேண்டியிருந்தது.

கோபாலசமுத்திரம் தந்த கணக்கு

இவ்விடத்தில் ஒரு தமிழரின் பெயர் வந்து சேர்கிறது. அவர் கோ. நா. இராமச்சந்திரன். ‘கோ’ என்னும் முதலெழுத்து திருநெல்வேலிச் சீமையின் கோபாலசமுத்திரத்தைக் குறிக்கும். 1922ஆம் ஆண்டில் எர்ணாகுளத்தில் பிறந்த இவர், திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்றார். பின்னாளில் நம் அப்துல் கலாம் பயின்ற கல்லூரியும் அதுவே. பெங்களூரில் சர் சி. வி. இராமனிடம் ஆய்வு செய்து, கேம்பிரிட்ஜ் சென்று திரும்பி, 1952இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைவரானார். தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் என்னும் புரதம் முப்புரிக் கயிறு போன்றது என்பதை 1954இல் கோபிநாத் கர்த்தாவுடன் இணைந்து கண்டறிந்தார். 1963இல் இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் வெளியிட்ட ‘இராமச்சந்திரன் வரைபடம்’ உலகெங்கும் உயிர்வேதியியல் மாணவர் பயிலும் பாடமாயிற்று.

பின்னர் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்திற்குச் சென்ற இராமச்சந்திரன், ஏ. வி. லட்சுமிநாராயணன் என்பாருடன் இணைந்து 1971ஆம் ஆண்டு செப்டம்பரில் அமெரிக்க தேசிய அறிவியல் கழக இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். எக்ஸ் கதிர்ப் படங்களிலிருந்தும் மின்னணு நுண்ணோக்கிப் படங்களிலிருந்தும் முப்பரிமாண உருவம் காணும் புதுவழி அதில் கூறப்பட்டது. ஹவுன்ஸ்ஃபீல்டின் கருவி 1972இல்தான் உலகிற்கு அறிவிக்கப்பட்டது என்பதை நோக்கின், இவ்விரு முயற்சிகளும் ஒன்றையொன்று அறியாமல் ஒரே காலத்தில் நிகழ்ந்தமை புலனாகும்.

அவ்வழி யாது? ஒவ்வொரு நிழலையும் அது வந்த திசையிலேயே திரும்பப் பூசினால் எல்லாப் பூச்சும் சேர்ந்து ஓர் உருவம் தோன்றும். ஆனால் அது பனிமூட்டத்தில் கண்டாற்போல் மங்கியிருக்கும். அம்மங்கலை நீக்க அதுவரை கையாண்ட வழி, ஃபூரியே மாற்றம் என்னும் நீண்ட கணக்காகும். இராமச்சந்திரனும் லட்சுமிநாராயணனும் அதனைத் தவிர்த்தனர். பூசுவதற்கு முன்னரே ஒவ்வொரு நிழலிலும் ஒரு புள்ளியின் மதிப்போடு அக்கம்பக்கத்துப் புள்ளிகளின் மதிப்புகளை ஒரு குறிப்பிட்ட விகிதத்தில் கூட்டியும் கழித்தும் விளிம்பைக் கூராக்கிவிட வேண்டும். அவ்வாறு கூராக்கிய நிழல்களைப் பூசினால் தெளிந்த உருவம் கிடைக்கும்.

இதன் பயன் கூட்டலும் பெருக்கலுமாகக் கணக்கு எளிதானது மட்டுமன்று. ஒரு நிழல் கிடைத்தவுடனேயே அதனைக் கூராக்கிப் பூசத் தொடங்கலாம். கடைசி நிழல் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அளவீடு நடந்துகொண்டிருக்கும்போதே உருவமும் வளர்ந்துகொண்டிருக்கும். வானொலி வானியல் துறையில் பிரேஸ்வெல், ரிடில் ஆகிய இருவர் 1967இல் இதையொத்த கருத்தினை வெளியிட்டிருந்தனர் என்பதையும் நேர்மை கருதிச் சுட்டுதல் வேண்டும். எனினும், சி.டி. ஸ்கேன் கருவிகள் பல பத்தாண்டுகள் நம்பியிருந்த முறை இவ்வகையைச் சேர்ந்ததே. அதில் பயன்படும் கூராக்கும் விகிதம் இன்றும் இருவர் பெயராலும் ‘ராம்-லாக்’ என்றே பாடநூல்களில் வழங்குகிறது. 1979இல் நோபல் பரிசு ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் கார்மக்குக்கும் கிடைத்தது. இராமச்சந்திரன் 2001இல் சென்னையில் மறைந்தார்.

இதயத்தின் கணக்கு

எக்ஸ் கதிரின் அளவு மிகுந்தால் உடலுக்குத் தீங்கு. இத்தீங்கின்றி உள்ளுறுப்பைக் காட்டுவது எம்.ஆர்.ஐ. கருவி. வலிய காந்தத்தினுள் உடலை வைத்து, வானொலி அலையைச் செலுத்தி, உடலின் நீரில் உள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்கள் திருப்பியனுப்பும் மெல்லிய ஒலியைக் கேட்பது போன்றது இது. 1973இல் லாட்டர்பர் இவ்வழியில் முதல் உருவத்தை வெளியிட்டார். மான்ஸ்ஃபீல்டு அதனை விரைவாக்கும் கணக்கை வகுத்தார். இருவரும் 2003இல் நோபல் பரிசு பெற்றனர்.

எம்.ஆர்.ஐ. உருவத்தை நேராக அளப்பதில்லை. இசையில் தாழ்ந்த சுரமும் உயர்ந்த சுரமும் கலந்திருப்பது போல, ஒவ்வொரு படத்திலும் பெரிய அலைகளும் நுண்ணிய அலைகளும் கலந்துள்ளன. பெரிய அலைகள் பருவுருவைத் தருகின்றன. நுண்ணலைகள் விளிம்பையும் கீற்றையும் தருகின்றன. இவ்வலைகளின் அளவுகளைக் கருவி வரிவரியாக எடுத்துக் கொள்கிறது. வரிகள் எல்லாம் சேர்ந்த பின்னரே கணக்கு அவற்றை உருவமாக்குகிறது. ஆதலின் எத்தனை வரிகளோ அத்தனை நேரம்.

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். ஒரு படத்திற்கு 128 வரிகள் வேண்டும் என்றும், ஒரு வரிக்கு 5 மில்லிநொடி ஆகும் என்றும் கொள்வோம். ஒரு படத்திற்கு 640 மில்லிநொடி ஆகும். நிமிடத்திற்கு 75 முறை துடிக்கும் இதயத்தின் ஒரு துடிப்புக்கு 800 மில்லிநொடி. எனவே ஒரு படம் எடுத்து முடிவதற்குள் இதயம் சுருங்கி விரிந்து விடும், படம் குழம்பிவிடும். இதயம் சுருங்கி விரியும் இயக்கத்தைக் காண ஒரு துடிப்பில் 20 படங்களேனும் வேண்டும் எனின், ஒரு படத்திற்கு 40 மில்லிநொடியே கிடைக்கும். அதற்குள் எடுக்கக்கூடியவை 8 வரிகள் மட்டுமே.

இதற்கு மருத்துவர் கண்ட வழி யாதெனில், ஒரு துடிப்பில் 8 வரி, அடுத்த துடிப்பில் அடுத்த 8 வரி என்று 16 துடிப்புகளில் 128 வரிகளையும் சேர்ப்பதாகும். பதினாறு துடிப்புகளுக்கு ஏறத்தாழ 13 நொடி. அந்நேரம் முழுவதும் மார்பு அசையாதிருக்க வேண்டும். ‘மூச்சை அடக்குங்கள்’ என்னும் கட்டளையின் பொருள் இதுவே. இம்முறை பதினாறு துடிப்புகளும் ஒரே மாதிரியானவை என்று நம்பிக்கொள்கிறது. இதயத் துடிப்பு சீராக இல்லாத நோயாளியிடம் இந்நம்பிக்கை பொய்த்துவிடும். வெவ்வேறு துடிப்புகளின் வரிகள் ஒன்றாகக் கலந்து படம் மங்கும்.

எழுதாததைப் படிக்கும் கலை

இனி வேகத்திற்கு ஒரே வழி, எல்லா வரிகளையும் அளவாமல் சிலவற்றை மட்டும் அளப்பதே. எஞ்சியவற்றை எங்ஙனம் அறிவது? இங்கேதான் தமிழ் மாணவர்க்குப் பழக்கமான ஒரு செய்தி துணைக்கு வருகிறது.

ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வடிவ வேறுபாடும் தெளிவாக இல்லை. ஆயினும் தமிழறிந்தார் பிழையின்றிப் படித்தனர். எவ்வாறு? மொழியின் இயல்பையும் யாப்பின் கட்டையும் அவர்கள் முன்னரே அறிந்திருந்தனர். பொருந்தாத படிப்புகளை அவ்வறிவு விலக்கிற்று. அரபு மொழியிலும் இத்தகையதே நிலை. ஸபர், ஜேர், பேஷ் என்னும் உயிர்க்குறிகள் இன்றியே அரபு நூல்களும் செய்தித்தாள்களும் அச்சாகின்றன. மொழி கற்றவர் அவற்றைத் தடையின்றிப் படிக்கின்றனர். எழுதப்படாததை முன்னறிவு நிரப்புகிறது.

உருவ மீளாக்கத்திலும் முன்னறிவு அளவீட்டின் இடத்தை ஓரளவு நிரப்பும். அதனை மூன்று வகையாகக் காணலாம்.

முதலாவது, கேட்போரைப் பெருக்குதல். ஒரு பந்தலின் நான்கு மூலைகளில் நால்வர் அமர்ந்திருந்தால், அருகில் எழும் ஒலி ஒவ்வொருவர்க்கும் உரக்கக் கேட்கும். நால்வரும் கேட்டதை ஒப்பிட்டால் ஒலி எழுந்த இடம் புலப்படும். அதுபோல நோயாளியின் மார்பைச் சுற்றிப் பல கம்பிச் சுருள்களை வைத்து, அவை கேட்ட வேறுபாடுகளிலிருந்து அளவாத வரிகளை ஈடுசெய்கின்றனர். 1997, 1999, 2002 ஆகிய ஆண்டுகளில் ஸ்மாஷ், சென்ஸ், கிராப்பா என்னும் பெயர்களில் இவ்வழிகள் அடுத்தடுத்து வெளிவந்தன.

இரண்டாவது, மாறாததை மீண்டும் அளவாமை. நிறமூட்டும் மருந்தை இரத்தத்தில் செலுத்தி அது பரவுவதைப் படமெடுக்கும்போது உறுப்பின் விளிம்புகள் பெரிதும் மாறுவதில்லை; நிறச்செறிவே மாறுகிறது. ஆகவே பருவுருவைத் தரும் நடுவரிகளை மட்டும் புதிதாக அளந்து, நுண்ணிய வரிகளை முன்னெடுத்த படத்திலிருந்து பெறலாம் என்று 1993இல் சிலர் காட்டினர். இதற்குச் ‘சாவித்துளை முறை’ என்று பெயர். முன்கூறிய கட்டங்களை நினைவு கூர்வோம். 3, 4, 5, 6 என முதலில் கண்டோம். அடுத்த கணத்தில் மேல்வரிசை 9, கீழ்வரிசை 11, இடப்பத்தி 8, வலப்பத்தி 12 என அளவு வருகிறது. மூலைவிட்டத்தை அளக்கவில்லை. ஆயினும் ஒரு கட்டமே மாறியிருக்கும் என்று அறிந்திருந்தால் விடை எளிது. மேல்வரிசையும் வலப்பத்தியும் இரண்டிரண்டு கூடியுள்ளன. அவை சந்திக்கும் இடத்தில் இருந்த 4 என்பதே 6 ஆகியுள்ளது. முன்னறிவு ஓர் அளவீட்டை மிச்சப்படுத்திவிட்டது.

மூன்றாவது வழியே இந்நூற்றாண்டின் புதுமை. ‘கம்ப்ரெஸ்ட் சென்சிங்’ எனப்படும் இதனைச் ‘சுருங்க அளத்தல்’ எனத் தமிழாக்கலாம். நன்னூலார் நூலுக்குக் கூறும் அழகுகளுள் முதலாவதான சுருங்கச் சொல்லலை இது நினைவூட்டுகிறது. கேண்டஸ், ராம்பெர்க், டாவ் ஆகியோரும் டோனோவும் 2006இல் இதன் கணித அடிப்படையை வெளியிட்டனர். 2007இல் லஸ்டிக், டோனோ, பாலி ஆகியோர் எம்.ஆர்.ஐ.க்கு இதனைப் பொருத்திக் காட்டினர். இதன் கருத்து இதுவே: மருத்துவப் படங்களைத் தக்க முறையில் எழுதினால் அவற்றில் உண்மையான செய்தி அருகியே இருக்கும், எஞ்சியது வெறுமை. இலக்கணத்தில் அருகிய வழக்கு என்கிறோம் அன்றோ, அவ்வாறே. அருகிய செய்தியைத் தேட எல்லா வரிகளும் தேவையில்லை.

ஆனால் விடும் வரிகளை ஒழுங்காக விடுதல் கூடாது. ஒன்றுவிட்டு ஒன்று என விட்டால் படத்தின் மேல் அதன் போலிப்படம் ஒன்று படிந்துவிடும். எது மெய், எது போலி எனப் பிரிக்க இயலாது. தாறுமாறாக விட்டால் போலி சிதறிப் பொடிப்பொடியாகிவிடும். நெல்லின் வரிசையிலேயே நெல் போல் முளைத்த களையைப் பிடுங்குவது கடினம். வரப்பெங்கும் சிதறி முளைத்ததைப் பிடுங்குவது எளிது என்பதை ஆத்தூர்ப் பக்கத்து உழவர் அனைவரும் அறிவர். கணக்கும் அவ்வாறே சிதறிய பொடியைக் களைந்து, அருகிய மெய்யை நிறுத்துகிறது. 2014இல் வெளிவந்த ‘கிராஸ்ப்’ என்னும் முறையில், வரிகள் மையத்தின் வழியே செல்லும் ஆரங்களாக, ஒன்றிலிருந்து மற்றொன்று ஏறத்தாழ 111.25 பாகை திரும்பி அமைகின்றன. நோயாளி இயல்பாக மூச்சு விட்டுக்கொண்டே இருக்கலாம். 2015இல் வெளிவந்த மற்றொரு முறை படவரிசையை மாறாத பின்புலமாகவும் அதன்மேல் அருகி நிகழும் மாற்றமாகவும் பிரித்துக் கணிக்கிறது.

முன்சொன்ன இதயக் கணக்கில் 128 வரிக்கு மாறாக 32 வரி போதும் எனின், 16 துடிப்புகள் 4 ஆகச் சுருங்கும். 13 நொடி ஏறத்தாழ 3 நொடியாகும். மூச்சு வாங்கும் முதியவராலும் மூன்று நொடி அடக்க இயலும். குழந்தைக்கு மயக்க மருந்து கொடுக்க வேண்டிய தேவையும் குறையும். ஒரே கருவிக்கு முன் நீண்ட வரிசையில் காத்திருக்கும் அரசு மருத்துவமனையில், அதே நாளில் மேலும் சிலர் படம் எடுத்துக்கொள்ள இயலும்.

இடைச்செருகல் என்னும் ஆபத்து

இத்துணை நன்மையும் ஒரு விலைக்கே கிடைக்கிறது. மீண்டும் கட்டங்களுக்குச் செல்வோம். 9, 11, 8, 12 என்னும் கூட்டுத்தொகைகளுக்கு, ஒரு கட்டமே மாறியது என நம்பி 3, 6, 5, 6 எனக் கண்டோம். ஆனால் உண்மையில் நான்கு கட்டங்களும் மாறி மேலே 2, 7 என்றும் கீழே 6, 5 என்றும் ஆகியிருந்தால்? அப்போதும் கூட்டுத்தொகைகள் அவையே. நம் விடை பார்ப்பதற்கு அழகாக இருக்கும், அளவீட்டோடும் பொருந்தும், ஆனால் பொய்யாக இருக்கும். நோய் என்பதே எதிர்பாராத மாற்றம். எதிர்பார்ப்பைக் கொண்டு நிரப்பும் கணக்கு, எதிர்பாராததை மறைத்துவிடக் கூடும்.

அண்மைக்காலத்தில் இவ்வாபத்து கூர்மையடைந்துள்ளது. இப்போது முன்னறிவை மனிதர் வகுத்துக் கொடுப்பதில்லை. பல்லாயிரம் படங்களைக் கணிப்பொறிக்குக் காட்டி, அதுவே கற்றுக்கொள்ளச் செய்கின்றனர். 2018இல் நியூயார்க் பல்கலைக்கழக மருத்துவ நிறுவனமும் ஃபேஸ்புக் நிறுவனமும் இணைந்து ‘ஃபாஸ்ட் எம்.ஆர்.ஐ.’ என்னும் திட்டத்தைத் தொடங்கி, இவ்வாய்வுக்கென எம்.ஆர்.ஐ. அளவீடுகளைப் பொதுவில் வழங்கின. 2020இல் அதனையொட்டி நடந்த போட்டியில், அளவீட்டை மிகக் குறைத்தபோது, உடலில் இல்லாத உறுப்புக்கீற்றுகளைச் சில கணக்குகள் தாமே வரைந்துவிட்டமை கண்டறியப்பட்டது. அதே ஆண்டில் வெளிவந்த மற்றோர் ஆய்வு, இத்தகைய கணக்குகள் சிலவற்றில் அளவீட்டில் நேரும் மிகச் சிறு மாற்றமும் படத்தைப் பெரிதும் குலைக்கக்கூடும் என்றும், சிறிய மாற்றம் ஒன்று உடலில் உண்மையாகவே இருந்தாலும் படத்தில் தோன்றாது போகலாம் என்றும் காட்டியது. அவ்வாய்வு வெளியானது, 1971இல் இராமச்சந்திரன் கட்டுரை வெளியான அதே இதழிலாகும்.

தமிழாய்வு செய்வோர் இதற்கு முன்பே ஒரு பெயர் வைத்துள்ளனர். அஃது இடைச்செருகல். ஏடு செல்லரித்த இடத்தில், யாப்புக்கும் ஓசைக்கும் இணங்கத் தாமே ஒரு சொல்லை எழுதிச் சேர்த்துவிட்டால், பாட்டு முழுமையாகத் தோன்றும். ஆனால் அது புலவர் பாட்டன்று. 1894இல் உ. வே. சாமிநாதையர் புறநானூற்றைப் பதிப்பித்தபோது, ஏட்டில் சிதைந்துபோன இடங்களைத் தம் புலமையால் இட்டு நிரப்பிவிடவில்லை. இங்குச் சிதைவு உண்டு எனக் காட்டியே அச்சிட்டார். நிரப்பும் ஆற்றல் இல்லாமையால் அன்று. நிரப்பும் உரிமை தமக்கு இல்லை என்றறிந்தமையால் ஆகும்.

அரபு எழுத்திலும் இதற்கு ஒப்பான நெறி உண்டு. செய்தித்தாளுக்கு உயிர்க்குறி தேவையில்லை. திருக்குர்ஆனுக்கோ ஒரு குறியும் விடுபடாமல் இட்டே அச்சிடுகின்றனர். முன்னறிவால் நிரப்பிக்கொள்ளலாம் என்பது பிழை நேர்ந்தாலும் தாங்கக்கூடிய இடத்திற்கே பொருந்தும். பிழை நேரவே கூடாத இடத்தில் முழுமையாக எழுதுதலே முறை. எந்தப் படத்தை விரைந்து எடுக்கலாம், எதனை முழுமையாக அளந்தே எடுக்க வேண்டும் என முடிவு செய்யும் மருத்துவர்க்கும் பொறியியலாளர்க்கும் இந்நெறி பொருந்தும்.

நல்ல மீளாக்க முறைகள் இவ்வாபத்துக்கு ஒரு வேலி கட்டியுள்ளன. கட்டிய உருவத்திலிருந்து மீண்டும் அளவீடுகளைக் கணித்து, அவை கருவி தந்த அளவீடுகளோடு ஒத்துள்ளனவா எனப் பார்க்கின்றன. ஒவ்வாத உருவம் எத்துணை அழகாயினும் தள்ளப்படும். அளந்தது என்பது அமானிதம். அதனை மாற்றக் கணக்கிற்கு உரிமையில்லை. அளவாததை மட்டுமே அது ஊகிக்கலாம். அவ்வூகமும் ஊகமே என்பதை மருத்துவர் மறத்தல் ஆகாது. படத்தில் ஐயம் தோன்றினால் மீண்டும் அளப்பதே அறம்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், விரைந்த ஸ்கேன் என்பது காந்தத்தின் வலிமையால் மட்டும் வருவதன்று. குறைய அளந்து, அறிந்ததைத் துணைக்கொண்டு, நிறையக் காணும் கணக்கால் வருவது என்பது தெளிவாகும். பாக்தாத்தின் ஜப்ர், பெங்களூரில் கோபாலசமுத்திரத்தார் வகுத்த கூராக்கும் விகிதம், இந்நூற்றாண்டின் சுருங்க அளத்தல் ஆகிய அனைத்தும் அவ்வழியின் படிகளே.

ஊர்ப் பெரியோர்க்கு ஒரு வேண்டுகோள். ஸ்கேன் அறையில் மூச்சை அடக்க இயலாவிடின் அதனை வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். வேறு வழியில் படமெடுக்க இயலுமா என அவர்கள் பார்ப்பர். இயலாமையை மறைத்து அடக்க முயன்று பாதியில் விட்டால், படமே பழுதாகும். மருத்துவர் இன்னொரு முறை எடுக்க வேண்டும் என்றால், அது வீண்செலவுக்காகத்தான் என்று உடனே முடிவு கட்டிவிட வேண்டாம். காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மாணவச் செல்வங்களுக்கு ஒரு சொல். 2022 ஜனவரியில் திண்டுக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்து வைக்கப்பட்டது. அங்கே பயிலப் போகும் பிள்ளைகளும், கணிப்பொறி பயில வேற்றூர் செல்லும் பிள்ளைகளும் நம் ஊர்களிலிருந்து உருவாக வேண்டும். அவர்கள் தமிழ் வகுப்பில் கற்ற பாடபேதமும் சுவடிப் பதிப்பும் தமக்குப் பயன்படாதவை என எண்ண வேண்டா. சிதைந்ததிலிருந்து மெய்யைக் காணவும், காணாததைக் கண்டதாகச் சொல்லாதிருக்கவும் அவ்வகுப்பு பயிற்றுகிறது. மருத்துவக் கணக்கு எழுதும் கைக்கு இவ்விரண்டும் வேண்டும். அத்தகைய கைகள் நம்மிடையே பெருக வல்ல இறைவன் அருள்புரிவானாக.